நீதவானின் கைக்கட்டை அவிழ்த்துவிடுங்கள்: நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல், அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்தில், நீதவான் பிணை கொடுப்பதைத் தடுக்கும் 3ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவை நீக்கித் தரும்படி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். சட்டம் முழுவதையும் தூக்கி எறியுங்கள் என்று கேட்கவில்லை. இன, மதப் பகையைத் தூண்டினார் என்று பொலிஸார் ஒருவரைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தும்போது, அவர் பேசியதையோ எழுதியதையோ வாங்கி வாசித்துப் பார்த்து, ‘இவரை வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று சொல்லும் அதிகாரம் அந்த ஊர் நீதவானுக்கு வேண்டும். கேட்பது அவ்வளவுதான். சின்ன விஷயம் போலத் தெரியும்.

நான் மட்டக்களப்பில் ஒரு சிற்றிதழ் நடத்துகிறேன். ஆண்டுக்கு நான்கு இதழ் என்று அட்டையில் போட்டுவிட்டு, இரண்டு கொண்டுவந்தால் அதையே பெரிய காரியமாக நினைத்துக்கொள்ளும் ரகம். முந்நூறு பிரதி அச்சிடுவோம். அதில் அறுபது என் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். 2020 ஜூன் மாதம் ஓர் இரவு, பத்தரை மணி இருக்கும், அம்பாறைப் பக்கத்து இளங்கவிஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“சேர், என் கவிதையில் ஆறாம் வரியில் பிறையை வாள் என்று எழுதியிருக்கிறேன். அதை எடுத்துவிடுங்கள்.”

விடியற்காலைக் களப்பில் வலை வீசும் தகப்பனைப் பற்றிய கவிதை அது. அவர் தோளை உரசிக்கொண்டு பிறை வாள்போல இறங்குகிறது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே நான் அதைத் தெரிவுசெய்திருந்தேன். “அரிவாள் என்று மாற்றட்டுமா தம்பி?” என்று கேட்டேன். “ஐயோ, அதுவும் வேண்டாம் சேர்.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. “கவிதையையே எடுத்துவிடுங்கள். உம்மா அழுதுகொண்டிருக்கிறார்.”

பக்கம் ஏற்கெனவே வடிவமைத்தாகிவிட்டது. அந்த இடத்தில் சந்தா விவரத்தைப் பெரிய எழுத்தில் போட்டு நிரப்பினோம்.

அந்தத் தாய் அழுததில் தவறில்லை. ஒரு மாதத்துக்கு முன்புதான், மே 16ஆம் திகதி, மன்னார் சிலாவத்துறைப் பக்கத்தில் அஹ்னாப் ஜஸீம் என்ற கவிஞரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். புத்தளத்தில் தமிழ் கற்பித்தவர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டவர். அந்தத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று சந்தேகித்தார்கள். தீவிரவாதத்தையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருக்கின்றன என்பது தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அரை மணி நேரத்தில் விளங்கும். விசாரித்தவர்களுக்கு அது மொழிபெயர்ப்பு வழியாகப் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பது மாதங்கள் உள்ளே இருந்து 2021 டிசெம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவரை வைத்திருந்தது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். நான் பேச வந்த சட்டம் வேறு என்று உங்கள் அதிகாரிகள் சுட்டிக்காட்டுவார்கள். சரிதான். ஆனால் எழுதுகிறவன் வீட்டுக் கதவைத் தட்டும்போது எந்தச் சட்டத்தின் இலக்கத்தோடு தட்டுகிறார்கள் என்று அவன் உம்மாவுக்குத் தெரிவதில்லை. அந்தச் சட்டத்தை ஒழிப்பதாக உங்கள் கட்சியே தேர்தலில் வாக்குறுதி கொடுத்திருக்கிறது. ஆகவே அதை விட்டு, யாரும் வாக்குறுதி கொடுக்காத சட்டத்துக்கு வருகிறேன்.

குடியியல், அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980இல் இணைந்தது. 2006இல் சிங்கராசா வழக்கில், அந்தச் சமவாயத்துக்கு உள்நாட்டில் சட்ட வலு இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமவாயத்தை நடைமுறைப்படுத்தாவிட்டால் ஐரோப்பிய வரிச்சலுகை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ள, 2007இல் அவசரமாக ஒரு சட்டம் வந்தது. அதில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். சமவாயத்தின் 18ஆம் உறுப்புரை மத சுதந்திரம். 19ஆம் உறுப்புரை கருத்துச் சுதந்திரம். இரண்டும் நம் அரசியலமைப்பில் ஏற்கெனவே இருக்கின்றன என்று விட்டுவிட்டார்கள். பகையைத் தூண்டும் பேச்சைத் தடைசெய்யும் 20ஆம் உறுப்புரையை எடுத்து 3ஆம் பிரிவாக வைத்தார்கள். வேலியை நட்டுவிட்டுத் தோட்டத்தை மறந்துபோன கதை.

அந்தப் பிரிவின் வாசகத்தில் எனக்கு முறைப்பாடு இல்லை. பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்பக் கூடாது என்கிறது. யார் மறுப்பார்கள்? நானே இதைக் கேட்டு ஒரு மனுவில் கையெழுத்திட்டவன். 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கம நகரில் பொது பல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பின் ஞானசார தேரர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இனி ஒரு சிங்களவர்மீது முஸ்லிம் ஒருவர் கை வைத்தால் அவர்கள் எல்லாருக்கும் அதுவே முடிவு என்ற பொருள்படப் பேசினார். அன்று மாலையே கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் போயின. பேச்சுக்கும் தீக்கும் இடையில் சில மணி நேரம்தான். தூண்டுதல் என்ற சொல்லுக்கு அகராதியில் படம் போடலாமென்றால் அந்த மேடையைப் போடலாம். அந்தப் பேச்சுக்காக அவர்மீது இந்தச் சட்டம் பாயவில்லை. சட்டம் அப்போது ஏழு வயதுப் பிள்ளை. நன்றாக ஓடியாடும் வயது. 2021இல் அவரை ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்கே தலைவராக்கினார்கள். 2016இல் இஸ்லாத்தைப் பற்றிப் பேசியவற்றுக்காக 2024இலும் 2025இலும் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது உண்மைதான். எட்டு ஆண்டுகள் கழித்து.

அப்படியானால் இந்தச் சட்டம் யாரைத்தான் பிடித்தது? 2018இல் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தின்போது உண்மையாகவே தீ மூட்டிய சிலரைப் பிடித்தது; அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2019 ஏப்ரல் முதலாம் திகதி பொல்கஹவெலயில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் கைதானார். முகநூலில் ஒரு சிறுகதை எழுதியிருந்தார். அதில் விகாரைக்குள் நடக்கும் பாலியல் விவகாரம் பற்றிய குறிப்பு வருகிறது. பிக்குகள் முறைப்பாடு கொடுத்தார்கள். நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியல். ஒரு சிறுகதைக்கு. இரண்டு ஆண்டு கழித்து, வழக்குத் தொடுக்கப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு கைவிட்டது. அதே 2019 மே மாதம், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னான நாட்களில், கண்டி மாவட்டத்தில் ஓர் ஏழை முஸ்லிம் பெண் கைதானார். அவர் அணிந்திருந்த சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. பொலிஸாரின் கண்ணுக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் அடைத்து வைத்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுதவில்லை; உடுத்தினார்.

2020 ஏப்ரலில் ரம்சி ராசீக். ஓய்வுபெற்ற அரச அதிகாரி, உடல்நலம் குன்றியவர். முஸ்லிம்களைச் சூழ்ந்திருக்கும் இனவாதத்தைக் கண்டு நொந்து, பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு ‘கருத்தியல் ஜிஹாத்’ செய்ய வேண்டும் என்று முகநூலில் எழுதினார். ஒரு சொல்லைப் பார்த்தவர்கள் அதற்கு முன்னும் பின்னும் நின்ற சொற்களைப் பார்க்கவில்லை. ஐந்து மாதங்கள் உள்ளே. 2023இல் உயர் நீதிமன்றம், அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. சக்கரச் சட்டைப் பெண்ணுக்கும் உயர் நீதிமன்றத்தில் நீதி கிடைத்தது. இரண்டு தீர்ப்புகளும் நம் நீதித்துறைக்குப் பெருமை. ஆனால் இரண்டு பேரும் அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இங்கேதான் 4ஆம் உட்பிரிவு வருகிறது, அமைச்சர் அவர்களே. இந்தக் குற்றத்துக்குப் பிணை இல்லை; மேல் நீதிமன்றம் மட்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும், பிணை கொடுக்கலாம் என்கிறது அது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஊர் விகாரையிலிருந்தோ ஓர் அமைப்பிலிருந்தோ பத்துப்பேர் பொலிஸ் நிலையத்துக்கு வருகிறார்கள். ‘எங்கள் மனம் புண்பட்டுவிட்டது’ என்கிறார்கள். வெளியே இன்னும் ஐம்பது பேர் நிற்கிறார்கள். பொறுப்பதிகாரி என்ன செய்வார்? அவருக்கும் இடமாற்றம் பற்றிய பயம் இருக்கும். ஆளைப் பிடித்து, பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் ‘பி’ அறிக்கையில் 3ஆம் பிரிவு என்று ஒரு வரி எழுதி நீதவான் முன்னிலையில் சமர்ப்பித்துவிட்டால் அவர் பொறுப்பு முடிந்தது. நீதவான் அந்தச் சிறுகதையை வாசித்துச் சிரித்தாலும், அதில் தூண்டுதல் என்று எதுவும் இல்லை என்று மனத்துக்குள் தெளிவாக நினைத்தாலும், சட்டம் அவர் கையைக் கட்டிவிடுகிறது. பதினான்கு நாள் விளக்கமறியல், பிறகு இன்னும் பதினான்கு. சட்டத்தரணியைப் பிடித்து, மேல் நீதிமன்றத்தில் பிணை மனுப் போட்டு, சட்டமா அதிபர் தரப்புக்கு அறிவித்தல் போய், திகதி கிடைத்து, வாதம் நடந்து முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பொதுவாக மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றச் சந்தேகநபருக்குத்தான் நம் நாட்டில் மேல் நீதிமன்றப் பிணை. கொலைக்கும் சிறுகதைக்கும் ஒரே படிக்கட்டு.

ஆக, தண்டனை தீர்ப்பிலிருந்து வருவதில்லை; ‘பி’ அறிக்கையிலிருந்து வருகிறது. வழக்கு நிற்காது என்பது எல்லாருக்கும் தெரிந்தே ஆளை உள்ளே வைக்க முடிகிறது. 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். மேடையில் சித்தார்த்த இளவரசரின் குழந்தைப் பருவத்தை வைத்து ஒரு கேலி சொல்லியிருந்தார். அந்தக் கேலி எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஐந்து வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை வழங்கியது. வெறுப்பைத் தூண்டியதாகக் கொள்ள இடமில்லை என்ற பார்வையும் அந்த உத்தரவில் இருந்தது. அதை வாசித்துப் பார்க்க ஒரு நீதவானுக்கு ஒரு காலை நேரம் போதும்.

மதத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டம் மதங்களைக் காக்கிறது என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு நிறையப் பேர், எல்லா மதத்திலும். அவர்களுக்காக ஒரு பழைய கதை. 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள் பாணந்துறையில் பெரிய வாதம் நடந்தது. ஒரு பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், மறுபக்கம் டேவிட் டி சில்வா பாதிரியாரும் அவரோடு ஓர் உபதேசியாரும். ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஆன்மா இல்லை என்கிற பௌத்தத்தில் நன்மை தீமைக்கு என்ன இடம் என்று இவர்கள் கேட்க, உங்கள் வேதத்திலேயே உங்கள் கடவுள் பொறாமை உள்ளவர் என்று எழுதியிருக்கிறதே என்று அவர் மடக்கினார். மென்மையாக ஒருவரும் பேசவில்லை. முடிவில் ‘சாது, சாது’ என்ற முழக்கத்தோடு கூட்டம் கலைந்தது. அந்த வாதத்தின் ஆங்கில அறிக்கை கடல் கடந்து போய்த்தான் அமெரிக்கரான கேர்ணல் ஒல்கொட் 1880இல் இங்கே வந்தார். இலங்கையின் பௌத்த மறுமலர்ச்சிக்கு அந்த மேடைதான் நாற்றங்கால். இன்றைய பொலிஸ் நிலைய வாசிப்புப்படி பார்த்தால், முதல் நாள் மாலையே இரு தரப்பையும் விளக்கமறியலில் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கமும் சளைத்ததல்ல. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாட்டைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் சமணருக்கும் பௌத்தருக்கும் ஒரு குத்து இருக்கும். மன்னார்த் திருக்கேதீச்சரப் பதிகத்தில் இருக்கிறது, திருகோணமலைப் பதிகத்திலும் இருக்கிறது. என் பாட்டனார் அதை ஓதிவிட்டு, பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியோடு வெற்றிலை போடப் போவார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரும் மிஷனரிமாரும் துண்டுப் பிரசுரங்களால் ஒருவரையொருவர் போட்டுத் தாக்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தமிழ் உரைநடையே நிமிர்ந்து நின்றது. ‘என் வழிதான் மெய், உன் வழி பிழை’ என்று சொல்வது சில மதங்களுக்கு மரியாதைக் குறைவு இல்லை, அதுதான் அவற்றின் நம்பிக்கை. அதைச் சொல்லக் கூடாதென்றால் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் மதத்தை வெளிப்படுத்தும் உரிமையில் மிஞ்சுவது மணியடிப்பதும் விளக்கேற்றுவதும்தான்.

பாதிரியார் ஜெரோம் பெர்னாண்டோவின் வழக்கை இப்படித்தான் பார்க்கிறேன். தன் சபையில் புத்தரையும் பிற மதங்களையும் பற்றி அவர் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அதில் அகந்தை இருந்தது. பலருக்கு மனம் நொந்தது, நொந்ததில் பொய்யில்லை. ஆனால் அந்தச் சபையிலிருந்து எழுந்து போன எவரும் கல்லெடுக்கவில்லை. ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டுத்தான் 2024 ஜனவரியில் பிணையில் வந்தார். நோவு வேறு, தூண்டுதல் வேறு. நோவைக் குற்றமாக்கிவிட்டால் யார் அதிகம் நோகிறாரோ அவர் கைக்குச் சட்டம் போகும். கூட்டம் பெரிதாக உள்ளவருக்கே நோவும் பெரிதாக இருக்கும்.

2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள் கைதானபோது இந்தச் சட்டத்தின் பெயரும் அங்கே எடுக்கப்பட்டது. அந்தக் கஞ்சியில் என்ன இருக்கிறது தெரியுமா? அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் குடித்தது அதைத்தான். நினைத்து அழுவதற்காகக் காய்ச்சுகிற கஞ்சி எந்த இனத்தை எந்த இனத்துக்கு எதிராகத் தூண்டுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உங்கள் ஆலோசகர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: கலவரம் மூளும் நேரத்தில் ஒரு நீதவான் தூண்டியவனுக்கே பிணை கொடுத்துவிட்டால்? நியாயமான கேள்வி, எரிந்த ஊரில் நின்றவன் அதை அலட்சியம் செய்ய மாட்டான். பதில் நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், 14ஆம் பிரிவு. குற்றத்தின் பாரதூரத்தாலும் மக்களின் எதிர்வினையாலும் பொது அமைதி குலையலாம் என்று கண்டால், சாட்சிகளைக் குழப்பலாம் என்று கண்டால், நீதவான் பிணையை மறுக்கலாம். ஒலிவாங்கியோடு ஊரை எரிக்கக் கிளம்பியவரை உள்ளே வைக்க அது போதும். வித்தியாசம் ஒன்றுதான்: நீதவான் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

காரணம் எழுதுவதற்கு அளவுகோலும் இருக்கிறது. 2012இல் மொரோக்கோவின் ரபாத் நகரில் ஐக்கிய நாடுகள் ஒழுங்குசெய்த நிபுணர் கூட்டம் வகுத்தது. எந்தச் சூழலில் பேசினார், பேசியவர் யார், அவருடைய நோக்கம் என்ன, என்ன சொன்னார், எத்தனை பேரைச் சென்றடைந்தது, அதனால் தீங்கு விளையும் வாய்ப்பு எவ்வளவு. பேசியவர் யார் என்ற கேள்வியை மட்டும் நம் பொலிஸார் கேட்டிருந்தாலே போதும். பத்தாயிரம் பேர் கும்பிடும் ஒருவரின் வாய்ச்சொல்லும் ஒரு குமாஸ்தாவின் சிறுகதையும் ஒரே எடை அல்ல. இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் இல்லாத ‘பி’ அறிக்கையை நீதவான் ஏற்கக் கூடாது என்று 3ஆம் பிரிவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூடவே, கைது செய்வதற்கு முன் சட்டமா அதிபர் திணைக்களத்தின் எழுத்துமூல ஆலோசனை வேண்டும் என்றும் சேர்க்கலாம். தமிழில் எழுதப்பட்டதைத் தமிழ் தெரிந்தவர் வாசித்துச் சொல்ல வேண்டும் என்பதைக்கூட இனிச் சட்டமாகத்தான் எழுத வேண்டுமோ என்று தோன்றுகிறது, வேண்டுமென்றால் எழுதுங்கள்.

2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். மத உணர்வைப் புண்படுத்துவதை அது இணையத்துக்கும் கொண்டுபோய்க் குற்றமாக்கியிருக்கிறது. அதைத் திருத்தும் வேலை எப்போது நடந்தாலும், இந்த உட்பிரிவையும் அதே மேசையில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அம்பாறைக் கவிஞர் இப்போது கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவார். கவிதை அனுப்புவதில்லை, நானும் கேட்பதில்லை. அந்த இதழின் 31ஆம் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு சிற்றிதழ் ஆசிரியர்

இணைப்பு: பக்கம் 31. ‘ஆண்டுச் சந்தா ரூபா 400. தபாற் செலவு எம்முடையது.’